பின்வரிசையைப் பார்த்தவர்

ஏழுமலை சார் இறந்துபோன செய்தி எனக்குக் கம்பெனி பஸ்ஸில் வந்தது. ஓசூர் பேருந்து நிலையத்தைத் தாண்டியதும், பர்கூரில் பெண் எடுத்த ஸ்டோர்ஸ் கோவிந்தன் பின் இருக்கையிலிருந்து எட்டிச் சொன்னார். "அக்கா, நம்ம ஏழுமலை சாரு நேத்து சாயங்காலம் போயிட்டாராம். உக்காந்த வாக்குலயே." நான் "எந்த ஏழுமலை?" என்று கேட்டேன். எங்கள் தொழிற்சாலையில் ஒரே ஒரு ஏழுமலைதான் இருந்தார் என்பது பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கேள்வி கேட்டால் பதில் மாறிவிடும் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

இதைப் படிக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அவரோடு வேலை பார்த்த நீங்கள்தான். அதனால் அவரைப் புனிதராக்க நான் முயலப் போவதில்லை. வெளியிலிருந்து வரும் பொருட்களைச் சோதிக்கும் பிரிவில் அவர் இருந்த இருபது வருடமும் உங்களில் பாதிப் பேருக்கு அவர் மேல் கடுப்பு இருந்தது. ஒருமுறை ஒரு லாரி நிறைய போல்ட் வந்தது. மேனேஜரே இறங்கி வந்து, "கொஞ்சம்தானே வித்தியாசம், விட்டுடுங்க" என்றார். சார் அளவு பார்க்கும் கேஜை மேனேஜர் கையிலேயே கொடுத்தார். "நீங்களே போட்டுப் பாருங்க சார். உள்ள போச்சுன்னா நான் கையெழுத்துப் போடறேன்." போகவில்லை. லாரி வந்த வழியே திரும்பியது. மேனேஜர் முகத்தைப் பார்த்துப் பயந்துபோன நான், "இவ்ளோ கோவம் ஆகாது சார்" என்றேன். "நான் எங்கம்மா கோவப்பட்டேன்? கோவப்படறது அளவு" என்றார். இதுதான் நீங்கள் எல்லோரும் அறிந்த ஏழுமலை சார். நான் எழுத வந்தது அவருக்குள் இருந்த இன்னொருவரைப் பற்றி.

நான் அப்போது பர்ச்சேஸ் பிரிவில் டைப்பிஸ்ட். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து ஓசூர்க் குளிரில் விரல் விறைத்துப்போய்த் தட்டிக்கொண்டிருந்த காலம். ஒருநாள் மதிய இடைவேளையில் அவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். என்னிடம் எதையோ ரிஜெக்ட் செய்ய வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டேன். அவரோ சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து, "டிவி ஸ்டேஷனுக்கு ஒரு லெட்டர் அடிக்கணும்மா. இங்கிலீஷ்ல. தப்பா நெனச்சிக்காதே" என்றார்.

காகிதத்தில் இருந்தது அவருடைய அண்ணன் முனுசாமி பல வருடம் முன்பு எழுதிய கடிதம். இருவரும் கோலார் தங்கவயலில் பிறந்தவர்கள். அப்பா சுரங்கத் தொழிலாளி. வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன கிளப்பில் ஒரு பேண்டு இருந்தது. அங்கே எடுபிடி வேலைக்குப் போன அண்ணன், சாக்ஸபோன் கற்றுக்கொண்டு திரும்பி வந்தார். அப்பாவின் நெஞ்சு சுரங்கத் தூசியில் கெட்டுப் படுத்த வருடம், குடும்பத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டிய மூத்த பிள்ளை பெங்களூர் ஓட்டல்களில் ஜாஸ் வாசிக்கக் கிளம்பிப் போய்விட்டார். படிப்பை நிறுத்திவிட்டு ஏழுமலை வேலைக்குப் போனார். அண்ணன் பேச்சை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவாராம். பத்து வருடம் கழித்து அந்தக் கடிதம் வந்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து பெரிய பியானோக்காரர் ஒருவர் பெங்களூருக்கு வருகிறார், அவரோடு நானும் வாசிக்கிறேன், டிவிக்காரர்கள் படம் எடுக்கிறார்கள், சனிக்கிழமை நீ கட்டாயம் வா என்று எழுதி, முன்வரிசை டிக்கெட் ஒன்றும் வைத்திருந்தார்.

"போனீங்களா சார்?" என்று கேட்டேன். அவர் என் டைப்ரைட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஷிஃப்ட் இருந்துதுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். அன்னிக்கு எனக்கு ஷிஃப்ட் கூட இல்லம்மா. வீட்லதான் குந்திகினு இருந்தேன்." அடுத்த வருடமே அண்ணன் பம்பாயில் மஞ்சள் காமாலையில் இறந்துவிட்டார். தந்தி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ரெக்கார்டு எதுவும் அவர் போட்டதில்லை. அவர் வாசித்தது எங்காவது மிச்சம் இருக்கும் என்றால், அந்த ஒரு சனிக்கிழமைப் படத்தில்தான். அதை ஒரு தடவை பார்க்க வேண்டும், கேட்க வேண்டும். வேறு எதுவும் சாருக்கு வேண்டியிருக்கவில்லை.

எனக்குத் தெரிந்த ஆங்கிலம் பர்ச்சேஸ் ஆங்கிலம். பொருள், அளவு, தேதி, விரைவில் விலை தெரிவிக்கவும். அந்தப் பாணியிலேயே அடித்தேன். 'பொருள்: ஜாஸ் நிகழ்ச்சியின் ஒளிப்பதிவு, எண்ணிக்கை ஒன்று.' அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. பதில் வராவிட்டால் முதல் நினைவூட்டல், இரண்டாம் நினைவூட்டல், மூன்றாம் நினைவூட்டல் என்று சப்ளையரை விரட்டுவது போலவே தொலைக்காட்சி நிலையங்களை விரட்டினோம். சென்னைக்கும் டெல்லிக்கும் மாற்றி மாற்றி எழுதினோம். ஒரு நிலையத்திலிருந்து வந்த பதிலில், அப்படி ஒரு பதிவு தங்கள் பட்டியலில் இல்லை என்றும், அந்தக் காலத்து நாடாக்கள் பலவற்றின் மேல் வேறு நிகழ்ச்சிகளைப் பதிந்துவிட்டோம் என்றும் இருந்தது. அதைத் தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரே புரிந்துகொண்டார். "அழிச்சிட்டாங்கன்னு சொல்லலியே. லிஸ்ட்ல இல்லன்னுதானே சொல்றாங்க" என்று கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டார்.

இதற்கிடையில் பெங்களூரில் இருந்த வெளிநாட்டுக் கலாசார மையங்களில் பழைய ஜாஸ் தொலைக்காட்சிக் கச்சேரிகளைத் திரையிடுகிறார்கள் என்று எப்படியோ தெரிந்துகொண்டார். சனிக்கிழமைகளில் தொரப்பள்ளி வீட்டிலிருந்து சைக்கிளில் ஓசூர் வந்து, பஸ் பிடித்துப் போய்வருவார். திங்கட்கிழமை எனக்கு ரிப்போர்ட் வரும். ஒருமுறை என் கணவரோடு நானும் போனேன். தாடி வைத்தவர்களும் கதர் ஜிப்பாக்காரர்களும் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இவர் மட்டும் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தார். எல்லோரும் முன்னால் நின்று வாசிப்பவரைப் பார்த்தால் இவர் பின்வரிசைக்காரர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போனார். போல்ட் பெட்டியைத் திறந்து பார்க்கிற அதே பார்வை. "இது வேற நாட்டுல எடுத்தது சார், உங்க அண்ணன் எப்படி இருப்பார்?" என்று நான் கிண்டல் செய்தேன். "தெரியும்மா. பின்னால நிக்கறவங்கள எப்ப காட்டறாங்க, எவ்ளோ நேரம் காட்டறாங்கன்னு பாக்கறேன்" என்றார். நான் பிறகு கிண்டல் செய்வதை விட்டுவிட்டேன்.

அப்படிப் போன இடத்தில்தான் வழி கிடைத்தது. படம் முடிந்து வெளியே வந்த கிழவர் ஒருவர், அந்தக் காலத்தில் ஓட்டல் பேண்டுகளில் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் வாசித்தவர். முனுசாமி என்ற பெயரைக் கேட்டு உதட்டைப் பிதுக்கினார். கோலார்க்காரர், ஒல்லி, இடது புருவத்தில் தழும்பு என்று இவர் அடையாளம் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. "சாமா? சாம் தம்பியா நீ?" என்று கன்னடம் கலந்த தமிழில் கேட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். முனுசாமியை அங்கே ஒருவருக்கும் தெரியாது, சாமைத்தான் தெரியும். அதைவிடப் பெரிய சங்கதி, அன்றைக்குப் படம் எடுத்தவர்கள் நம் நாட்டுக்காரர்களே இல்லை. பியானோக்காரரோடு கூடவே வந்த அமெரிக்கத் தொலைக்காட்சிக் குழு. மூன்று வருடமாக இல்லாத பெயரைச் சொல்லித் தவறான கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் மறுநாளே புதுக் காகிதத்தோடு வந்து நின்றார்.

அதற்குப் பிறகும் ஒன்றரை வருடம் ஆனது. அந்த அமெரிக்க நிலையத்தின் ஆவணக் காப்பகத்தில் இருந்த ஒரு பெண்மணி, எங்களுடைய 'எண்ணிக்கை ஒன்று' கடிதத்தைப் படித்துச் சிரித்திருக்க வேண்டும். ஆனாலும் தேடினார். இருக்கிறது, பிரதி எடுத்து அனுப்புகிறேன் என்று எழுதி, அடியில் தன் கையெழுத்திலேயே, சகோதரரைக் கண்டுபிடிக்க வாழ்த்துகள் என்று சேர்த்திருந்தார். கேசட் வந்த அன்று சார் அதைப் பிரிக்காமல் நாள் முழுக்க இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் வைத்திருந்தார். மாலையில் ஓசூரில் ஒரு வீடியோ கடையில் போட்டுப் பார்த்தோம். படம் நிற்காமல் மேலிருந்து கீழே உருண்டுகொண்டே இருந்தது. சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இழுத்து இழுத்து வந்தது. கடைக்காரர் கேசட் கெட்டுவிட்டது என்று சொல்லிவிட்டார். சார் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். "கேசட்டு சரியாதான் இருக்கு. வேகம்தான் தப்பு. எங்க அண்ணன் எதையும் இவ்ளோ நிதானமா செஞ்சதே கிடையாது" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. அமெரிக்கக் கேசட்டின் முறை வேறு, நம் ஊர் டெக்கின் முறை வேறு. இரண்டையும் ஓட்டுகிற டெக் துபாயிலிருந்து திரும்பிய சாதிக் பாயிடம் இருக்கிறது என்று விசாரித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் கிருஷ்ணகிரிக்குப் போனோம். பாய் ஜன்னலைச் சாத்தி, "நிம்மதியா பாருங்க சார், நான் கடையில இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

படம் கண்ணாடி போல வந்தது. முக்கால் மணி நேரம் பியானோக்காரரும் அவருடைய ஆட்களும்தான். கடைசியில் உள்ளூர்க்காரர்கள் ஐந்து பேர் வந்து பின்னால் நின்றார்கள். ஒரு கட்டத்தில் சாக்ஸபோன் தனியாக எழுந்தது. கேமராவோ பியானோ விரல்களை விட்டு நகரவில்லை. சத்தம் வருகிறது, ஆளைக் காணோம். சார் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். பிறகு கேமரா யாரோ வேறொருவரிடம் போய், தடுமாறி, கடைசியில் அவரிடம் வந்து நின்றது. தோளில் நிற்காத பெரிய கோட்டு. மூடிய கண்கள். புருவத்தில் தழும்பு. நான் ஜாஸ் தெரியாதவள், அது நல்ல வாசிப்பா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல இருந்தது, அவ்வளவுதான் தெரியும். முடித்ததும் அவர் கண்ணைத் திறந்தார். கைதட்டுகிற கூட்டத்தைப் பார்க்காமல், குனிந்து முன்வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். கேமரா நகர்ந்துவிட்டது.

கேசட் ஓடி முடிந்தது. சுற்றி மறுபடி போடட்டுமா என்று கேட்டேன். "வேணாம்மா" என்றார். "ஒரு தடவைதான் கூப்ட்டான். ஒரு தடவை வந்துட்டேன்." எனக்குக் கோபம்கூட வந்தது. இத்தனை வருடம் விரல் தேயத் தட்டியது இந்தப் பத்து நிமிடத்துக்கா என்று. அவர் கேசட்டை என் கையில் கொடுத்து, "உன் வீட்டு பீரோல வை. என்கிட்ட இருந்தா தினம் பாக்கணும்னு தோணும்" என்றார். வைத்தேன்.

ஓய்வு பெற்று மகள் செல்வியோடு பர்கூருக்குப் போன பிறகு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போன் செய்வார். போன மாதம் பண்டிகை எதுவும் இல்லாமல் கூப்பிட்டார். மருமகன் இரண்டு வகைக் கேசட்டும் ஓடுகிற டெக் ஒன்று வாங்கியிருக்கிறாராம். "அன்னிக்கு ஒரு தடவை போதும்னு சொன்னேன் இல்ல? அது சும்மா வீறாப்புக்குச் சொன்னதும்மா. அவன் தேடிப் பாத்தானே, அத இன்னொரு தடவை பாக்கணும்" என்றார். வருகிற ஞாயிறு கொண்டுவருகிறேன் என்றேன். அந்த ஞாயிறு விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். அடுத்த ஞாயிறு ஆடிட் வேலை என்று கம்பெனிக்குப் போனேன். அதற்கடுத்த ஞாயிறு எனக்கு எந்த வேலையும் இல்லை. அலுப்பாக இருந்தது, அதனால் போகவில்லை. இரண்டு மணி நேர பஸ் பயணம். பீரோவைத் திறந்து கேசட்டை எடுத்துப் பையில்கூட வைத்திருந்தேன்.

பர்கூர் போய்ச் சேர்ந்தபோது அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு, குற்றம் சொல்லும் குரலே இல்லாமல் சொன்னாள். "மூணு ஞாயிறும் காலையிலயே ஷேவ் பண்ணிகினு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் நின்னுட்டு வந்தாரு ஆன்ட்டி. கேட்டா, அந்தப் பொண்ணுக்கு வேலை ஜாஸ்தி, பாவம்னு சொன்னாரு." நான் அவர் காலடியில் உட்கார்ந்து அழுதேன். இருந்தவர்களுக்கு நான் ஏன் அவ்வளவு அழுகிறேன் என்று புரிந்திருக்காது.

கேசட்டைச் செல்வியிடம் கொடுத்துவிட்டேன். அவள் தன் பெரியப்பாவைப் பார்த்ததே இல்லை, பார்க்கட்டும். என்னோடு நான் வைத்துக்கொண்டது போனில் கேட்ட அவருடைய குரல் மட்டும்தான். இந்த வாரம் முடியவில்லை, அடுத்த வாரம் நிச்சயம் வருகிறேன் சார் என்று ஒவ்வொரு ஞாயிறும் இருட்டிய பிறகு நான் கூப்பிட்டுச் சொன்னபோதும் அவர் ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"மெதுவா வாம்மா. நான் இங்கதானே இருக்கப் போறேன்."