புது ஊசியும் கம்பெனி வேனும்

ஊசி போடுகிறவரைப் பிள்ளைகளுக்குப் பிடிக்காது. ஊசிக்குக் கூப்பிட வருகிறவரை ஊருக்கே பிடிக்காது. அங்கன்வாடி உதவியாளரான நான் இரண்டாவது ரகம். நம்மைக் கண்டதும் எந்தெந்தக் கதவு மூடும் என்பது இந்த வேலையில் இருக்கும் உங்களுக்கும் மனப்பாடமாக இருக்கும். எனக்குப் பேசவும் கூச்சம். நான் சொல்லி முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் குளித்துவிட்டே வந்துவிடுவார்.

வேன் வருவதற்குள்

பெண்பிள்ளைகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராமல் தடுக்கும் புது ஊசி வந்திருந்தது. தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனி வேன் விடிந்ததும் வந்துவிடும். அதற்குள் தாய்மாரைப் பிடிக்க வேண்டும். தூக்குச்சட்டியோடு ஓடிக்கொண்டிருந்த முத்துமாரியின் கூடவே ஓடி, ஒன்பதாவது படிக்கும் அவள் மகள் செல்விக்கு ஊசி போடலாம் என்றேன். வேன் படியில் ஒரு காலை வைத்தபடி அவள் கேட்டாள்:

"புதுக் கலவைன்னா எங்க ஃபோர்மேன் நாலு வெடியப் பொட்டல்ல வச்சுப் பாத்துட்டுத்தான் எங்களத் தொட விடுவாரு. இத எந்தப் பொட்டல்ல வச்சுப் பாத்தாக, அத்தை?"

போன் சொன்னது

சாயங்காலம் வீட்டுக்கே போனேன். அவள் கணவர் கருப்பசாமி லாரியில் பட்டாசு லோடு ஏற்றுகிறவர். ஊசி போட்டால் பிள்ளை பிறக்காது என்று எவரோ பேசும் வீடியோவை என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். அது பொய் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார். செல்வி கதவோரம் நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளைக் காட்டி அவர் கேட்டார்:

"நாளைக்குக் கட்டிக் குடுக்க வேண்டிய பிள்ளை. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நீங்களா வந்து நிப்பீக?"

ஞாயிற்றுக்கிழமை விசாரணை

எனக்குப் பேச வராது, கூட்டிப்போக வரும். கம்பெனி லீவு நாளில் முத்துமாரியைச் சுகாதார நிலைய நர்ஸம்மாவிடம் அழைத்துப் போனேன். காய்ச்சல் வருமா, தீட்டு தள்ளிப்போகுமா, வீடியோ சொன்னது நிஜமா என்று ஒன்றுவிடாமல் கேட்டாள். பல நாடுகளில் பல வருஷமாகப் போடுகிறார்கள், கை வலிக்கும், லேசாகக் காய்ச்சல் வரலாம், பிள்ளைப்பேற்றுக்கு ஒரு கெடுதலும் இல்லை என்று நர்ஸம்மா பொறுமையாகச் சொன்னார். கடைசியில், இவ்வளவு கேள்வி யாரும் கேட்டதில்லை என்று சிரித்தார். முத்துமாரி சிரிக்கவில்லை.

"கேட்டுட்டுத்தான் நாங்க வேலைக்குள்ளயே போவோம், சிஸ்டர். கேக்காமப் போனவுக சில பேரு வீடு திரும்பல."

வாசல் சோதனை

ஊசி நாளன்று முத்துமாரி மகளோடு அங்கன்வாடிக்கு முதல் ஆளாக வந்தாள். பின்னால் கருப்பசாமியும் வந்தார். எப்படிச் சம்மதித்தார் என்று கேட்டேன். "போனுகிட்ட திருப்பிக் கேள்வி கேக்க முடியுமான்னேன். காலையில அவரே எத்தன மணிக்கு ஊசின்னு கேட்டாரு" என்றாள்.

பிறகுதான் வேடிக்கை. கம்பெனிக்குள் செல்போன், இரும்பு எதுவும் கொண்டுபோகக் கூடாது. ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் நிற்கக் கூடாது. வந்த தாய்மார் எல்லோரும் கம்பெனிக்காரிகள். யாரும் சொல்லாமலே பிள்ளைகளின் ஹேர்பின், கொலுசைக் கழற்றினார்கள். நாலு நாலு பேராக உள்ளே விட்டார்கள். ஓட வழி வேண்டுமே என்று இரண்டு கதவையும் விரியத் திறந்து வைத்தார்கள். மேசையில் இருந்த நர்ஸம்மாவின் போனையும் எடுத்து வெளியே வைத்துவிட்டார்கள்.

"அடியே, ஊசி வெடிக்காதும்மா! போனைக் குடுங்க, பேரு ஏத்தணும்!" என்று நர்ஸம்மா கத்தினார்.

அரை மணி நேரம்

ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் உட்கார வேண்டும். கருப்பசாமி மகளைவிட அதிகமாக வியர்த்தார். நிமிஷத்துக்கு ஒரு தரம் தலை சுற்றுதா என்று கேட்டார். லாரியிலிருந்து இரண்டு தரம் ஆள் வந்து கூப்பிட்டும் அசையவில்லை. செல்விதான் கடைசியில் சொன்னாள்:

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா. நீங்க கொஞ்சம் தண்ணி குடிங்க."

மறுவாரம்

மறுபடி காலையில் ஊசிக்கு ஆள் கூப்பிடப் போனேன். தொண்டையைச் செருமிக்கொண்டு நிற்கையில் வேன் வந்தது. ஜன்னல் வழியாக முத்துமாரி தலையை நீட்டி, தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்:

"பொட்டல்ல வச்சுப் பாத்தாச்சு, அத்தை! ரெண்டு நாள் கை வலி, அம்புட்டுத்தான். ஏ புள்ளைகளா, கேக்க வேண்டியத எங்கிட்டக் கேளுங்கடி!"

இத்தனை வருஷமாக நான் வாசல் வாசலாக நின்று முனகியதை ஒரு கம்பெனி வேனின் ஜன்னல் ஒரே கத்தலில் சொல்லிவிட்டுப் போனதில், எனக்குக் கொஞ்சம் வெட்கம், நிறையப் பெருமை.