அடையாறு பாலத்தில் எதிரே வந்த ஊர்வலம்

அமெரிக்காவில் இருக்கும் என் கல்லூரித் தோழி தன் இணையப் பக்கத்துக்கு ஒரு பயணக் கட்டுரை கேட்டாள். ஊட்டி, கொடைக்கானல் என்று ஏதாவது எழுதுவேன் என்று நினைத்திருப்பாள். இந்த வருடம் நான் போன ஒரே பயணம் அடையாறு காந்தி நகரிலிருந்து மயிலாப்பூர் குளத்தருகே உள்ள ஒரு சிறிய கோயில் வரை. தூரம் நாலு கிலோமீட்டர் முந்நூறு மீட்டர். (பிறகு அண்ணனின் ஸ்கூட்டரில் போய் அளந்து பார்த்தேன்.) பஸ்ஸில் பதினைந்து நிமிடம், இரண்டு ரூபாய். அன்று எங்களுக்கு ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆனது.

ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை. என் சிநேகிதி கலாவின் கல்யாணம். முகூர்த்தம் காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை. மாப்பிள்ளை முரளி, கோடம்பாக்கத்தில் ஒரு பிலிம் லேபில் வேலை பார்ப்பவர். கலாவே தேர்ந்தெடுத்தவர். அவள் அப்பா சபாபதி மாமா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பஞ்சாங்கம் பார்க்காமல் முடிகூட வெட்டிக்கொள்ள மாட்டார். எட்டு மாதம் மறுத்துவிட்டு, கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்திருந்தார்: "நான் குறிச்ச முகூர்த்தத்துல நடந்தா நடக்கட்டும். தடங்கல் வந்தா தெய்வத்துக்கு இஷ்டமில்லன்னு அர்த்தம். அப்புறம் என்னக் கேக்கக் கூடாது."

முந்தின நாள் இரவு எட்டு மணிக்கு ஒரு பெரிய நகைச்சுவை நடிகர் இறந்துபோனார். பெயர் வேண்டாம், அவர் குடும்பத்தார் இன்னும் அவர் வாழ்ந்த தெருவில்தான் இருக்கிறார்கள். கல்யாணம் நடக்கவேண்டிய கோயிலும் அதே தெருவில்தான் இருக்கிறது.

தெருவில் சவம் இருக்கும்வரை கோயில் நடை திறக்க மாட்டார்கள். காலை ஏழு மணிக்கு முரளி போன் செய்து விஷயத்தைச் சொன்னார். ஒன்பது மணிக்கு உடலை எடுத்துவிடுவார்களாம். தெருவைக் கழுவி, கோயிலைக் கழுவி, பதினொன்றுக்கு நடை திறப்பதாகக் குருக்கள் ஒப்புக்கொண்டிருக்கிறாராம். கலாவின் அம்மாவும் உறவினர்களும் முதல் நாளே அங்கே சத்திரத்தில் போய்த் தங்கிவிட்டார்கள். காந்தி நகர் வீட்டில் இருந்தது கலா, அவள் அப்பா, துணைக்கு வந்த நான். மூன்றே பேர்.

எட்டரைக்கு வரவேண்டிய வாடகைக் கார் வரவில்லை. மெயின் ரோட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. டீக்கடை ஷட்டர் முக்கால்வாசி இறங்கியிருந்தது. உள்ளே குனிந்து கேட்டால் டீ கிடைத்தது, ஒன்றரை ரூபாய். பெரிய மனிதர்கள் இறந்தால் நகரம் இப்படி ஆகும் என்பது எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட நாட்களில் எல்லாம் நான் கதவைச் சாத்திக்கொண்டு புத்தகம் படித்திருக்கிறேன். முன்பின் தெரியாத ஒருவருக்காகத் தெருவில் விழுந்து அழுகிறவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை.

திரும்பி வந்து சொன்னேன். சபாபதி மாமா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "சினிமாக்காரனைக் கட்டிக்கப் போனா, சினிமாக்காரன் சாவு குறுக்க வருது. இதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

கலா முகூர்த்தப் புடவையை ஒரு சாண் தூக்கிச் செருகினாள். முரளிக்குப் போடவேண்டிய ரோஜா மாலையைக் கூடையோடு எடுத்துக்கொண்டாள். "முகூர்த்தம் பன்னெண்டு மணி வரைக்கும் இருக்குப்பா. நடக்கலாம்."

ஒன்பது முப்பத்தைந்துக்குக் கிளம்பினோம்.

பாலம் வரை சிரமமில்லை. இவ்வளவு காலியான அடையாற்றை நான் பார்த்ததே இல்லை. பாலத்தின் தெற்கு முனையை அடைந்தபோது மணி ஒன்பது ஐம்பத்தைந்து. எதிரே வடக்கு முனையிலிருந்து பாலம் முழுக்கத் தலைகள். பெசன்ட் நகர் மயானத்துக்குப் போகும் ஊர்வலம், நடுவில் பூவால் மூடிய வண்டி. பறைச் சத்தம் தண்ணீரில் பட்டு இரண்டு முறை கேட்டது. ஓரமாக, கைப்பிடிச் சுவரை ஒட்டி நுழைந்து, பாதிப் பாலம் வரை போய்விட்டோம். அதற்கு மேல் அடி எடுத்து வைக்க முடியவில்லை. வண்டிக்கு முன்னால் போன போலீஸ் வேன் பழுதாகி, வண்டியும் நின்றுவிட்டது.

அப்போதுதான் அது நடந்தது. சட்டையில் கறுப்புத் துணி குத்திய ஒருவர் கலாவின் கூடையைப் பார்த்துவிட்டார்.

"டேய், மாலை கொண்டாந்துகீறாங்கடா! லேடீஸ்டா! வழி வுடுங்க!"

கலா வாயைத் திறப்பதற்குள் மாலை கூடையிலிருந்து எழுந்தது. பத்துக் கைகள் மாறித் தலைகளுக்கு மேலேயே போய் வண்டியில் விழுந்தது. நூற்றைம்பது ரூபாய் மாலை. எங்களையும் அதே வேகத்தில் வண்டியருகே கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

அவர் முகத்தைப் பார்த்தேன். திரையில் பார்த்ததைவிடச் சிறிய முகம். தி.நகரில் ஒரு மழை நாள் ஞாபகம் வந்தது. வேலை கிடைக்காத மூன்றாவது நேர்முகத்தேர்வு முடிந்து, நனையாமல் இருக்க ஒரு தியேட்டருக்குள் நுழைந்தேன். திரையில் இவர் வந்தார். பக்கத்து சீட்டில் ஆள் இருப்பதையும் மறந்து சிரித்தேன். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பாலத்தின் நடுவில் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சபாபதி மாமா திரும்பி நின்றார். வீடு இருக்கும் திசையில். "மாலையும் போச்சு. பொணத்துக்குப் போட்டாச்சு. வா கலா, போதும்."

"அப்பா..."

"நான் முன்னாடியே சொன்னேனா இல்லையா?"

கலா அசையவில்லை. அழவும் இல்லை. அவள் கன்னத்துச் சாந்துப் பொட்டையும் கையின் மருதாணியையும் கறுப்புத் துணிக்காரர் அப்போதுதான் கவனித்தார். தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ, கல்யாணப் பொண்ணா? தப்பா பூட்ச்சேம்மா! இன்னா நைனா, நீயாச்சும் ஒரு வார்த்த சொல்லக் கூடாது?"

"சொல்ல விட்டியாப்பா நீ? எல்லாம் முடிஞ்சுது. அபசகுனம்."

"அபசகுனமா? யாரு சொன்னது? சாவு எதிர்ல வந்தா நல்ல சகுனம் நைனா! எங்க ஆத்தோரத்துல கொயந்தையக் கேட்டாக்கூடச் சொல்லும்."

அவர் பெயர் தாஸ் என்றும், ஆட்டோ ஓட்டுகிறார் என்றும் பிறகு தெரிந்தது. மாமா என்னைப் பார்த்தார். முதல் நாள் ராத்திரி அந்த வீட்டில் படிக்க வேறு எதுவும் இல்லாமல், அவருடைய பஞ்சாங்கத்தை அட்டை முதல் அட்டை வரை படித்திருந்தேன். பெரியவர்கள் பேச்சில் நான் குறுக்கிடுவதில்லை. அன்று குறுக்கிட்டேன்.

"கடைசிப் பக்கத்துல இருக்கு மாமா. நல்ல சகுனங்கள் பட்டியல்ல. பசு, நிறைகுடம், அப்புறம் எதிரே வரும் சவம்."

மாமா, கணக்கில் விடையை ஒத்துக்கொண்டாலும் வழிமுறைக்கு மார்க் குறைக்கும் வாத்தியாராக, "எதிரே வரும்னுதான் இருக்கு. இது வரலையே. நிக்குது" என்றார்.

தாஸ் ஒரு கணம் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு வண்டிச் சக்கரத்தின் மேல் ஏறி நின்று கத்தினார்.

"டேய்! வேன ஓரமாத் தள்ளுங்கடா! வண்டி நவுரணும்! கல்யாணப் பொண்ணுக்குத் தலைவரு எதிர்ல வரணுமாம்!"

செய்தி பாலத்தின் மேல் ஓடியது. முதலில் சிரிப்பு, அப்புறம் விசில். ஐம்பது பேர் சேர்ந்து போலீஸ் வேனைத் தள்ளினார்கள். உள்ளே இருந்த போலீஸ்காரரும் இறங்கித் தள்ளினார். எங்களை வண்டிக்குப் பத்தடி முன்னால் கொண்டுபோய், முகத்தை வண்டிப் பக்கம் திருப்பி நிறுத்தினார்கள். வண்டி உறுமிக்கொண்டு நகர்ந்து, நேர் எதிரே வந்து, எங்களைத் தாண்டிப் போனது. பறையடித்தவர்கள் கலாவின் முன்னால் வந்ததும் அடியை ஒரு பிடி கூட்டினார்கள். யாரோ ஒரு அம்மாள், கண் சிவந்திருக்க, "நல்லா இரும்மா, சிரிச்சிக்கினே இரு" என்று கலாவின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

"இப்ப வந்துச்சா நைனா?" என்றார் தாஸ்.

"வந்துது" என்றார் மாமா. மணி பத்து நாற்பது.

அதன் பிறகுதான் இந்தப் பயணத்தின் அழகான பகுதி. பாலத்திலிருந்து மந்தைவெளி வழியாக மயிலாப்பூர் வரை ஊர்வலம் வந்த பாதை முழுக்கப் பூ: ரோஜா இதழ், சாமந்தி, இடையிடையே பொரி. சவத்துக்கு இறைத்த பூவை மிதிக்கக்கூடாது என்று மாமா எங்களை நடைபாதை ஓரமாகவே நடத்தினார். அங்கே பள்ளமும் நிறுத்திய சைக்கிள்களுமாக வேகமே வரவில்லை. மந்தைவெளியில் மணி பதினொன்று பத்து. மாமா கடிகாரத்தைப் பார்த்தார், கலாவின் செருப்பறுந்த காலைப் பார்த்தார். இறங்கி, நடு ரோட்டில் பூவின் மேலேயே நடக்க ஆரம்பித்தார். நாங்கள் பின்னால். அறுபத்திரண்டு வயதில் அவர் அவ்வளவு வேகமாக நடப்பார் என்று எனக்குத் தெரியாது.

பதினொன்று இருபத்தைந்துக்குக் கோயில். வாசல் இன்னும் ஈரம். தெருவில் இருந்த மாலையெல்லாம் நடிகருக்கே போய்விட்டதால், பூக்காரியிடம் பிள்ளையாருக்குக் கட்டிய குட்டிச் சம்பங்கி மாலை ஒன்றுதான் மிச்சம். இருபது ரூபாய். அது முரளியின் மார்புக்குக்கூட எட்டவில்லை. பதினொன்று நாற்பத்தெட்டுக்குத் தாலி கட்டினார்.

டிசம்பரில் ஊருக்கு வருகிறவர்கள் இதே பாதையில் நடந்து பாருங்கள். காலை ஏழுக்கு முன் கிளம்பினால் பாலத்தில் காற்று நன்றாக இருக்கும். நீங்கள் இருக்கும்போது யாராவது பெரிய மனிதர் இறந்துவிட்டால், ஆட்டோ தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். நல்ல செருப்பு, ஒரு பாட்டில் தண்ணீர் போதும். கையில் மாலை இருந்தால் பையில் மறைத்து வையுங்கள். வழி வேண்டுமானால், கறுப்புத் துணி குத்தியவர்களையே கேளுங்கள். என்னைப் போல் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிடக் கொஞ்ச தூரம் அவர்களோடு நடந்துவிட்டு வருவது நல்லது.

போன வாரம் காந்தி நகரில் சபாபதி மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா உள்ளே இருந்தபோது அந்தப் பஞ்சாங்கத்தை எடுத்துப் புரட்டினேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு எதிரே, சின்னக் கையெழுத்தில், ஒரு வரி இருந்தது: "சவம் எதிரே வந்தது. 10.40. உத்தமம்."