முதல் வரியில் வந்தவன்

"மூணுலயும் அடிச்சிப் பாரு. ஒண்ணுல பாத்துட்டு எழுந்துக்கறியே, பொண்ணு பாக்கப் போனாலும் இப்படித்தான் மொத வீட்டுலயே தட்டு மாத்திக்குவியா?"

ஆதிலட்சுமியின் குரல் அது. எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். திட்டு வாங்கியது ஒரு பாலிடெக்னிக் மாணவன். எழுந்தவன் மறுபடி உட்கார்ந்து, அடுத்த தேடல் பக்கத்தைத் திறக்கிறான். முதலியார்பேட்டையில் கடலூர் ரோட்டு ஓரமாக 'ஆதி நெட்' என்று ஒரு பிரவுசிங் சென்டர். பிளைவுட் தடுப்புக்குள் ஆறு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், வாசலோரம் அவளுடைய நாற்காலி. அங்கே உட்கார்ந்துகொண்டே ஆறு திரையிலும் என்ன ஓடுகிறது என்று சொல்லிவிடுவாள். கண்டதையும் பார்க்க வந்தவன் ஒரு தடவை வந்தால் மறு தடவை அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான்.

இணையத்தில் தேடித் தருகிற கம்பெனிகளில் பெரிய தலைகள் மூன்று. அவற்றின் பெயரை அவள் வாயால் யாரும் கேட்டதில்லை. அவளுக்கு அவர்கள் பெரியவன், நடுவுலான், சின்னவன். "பெரியவன் கெட்டிக்காரன், ஆனா தலைக்கனம் புடிச்சவன். நடுவுலான் மெயிலு நல்லாக் குடுப்பான், தேடச் சொன்னா அரட்டை அடிப்பான். சின்னவன் பணக்கார வீட்டுப் புள்ள, கடைசியா வந்துட்டு மொதப் பந்தியில எடம் கேக்கறான்." எதைத் தேடினாலும் மூன்று பேரிடமும் கேட்க வேண்டும், மூன்று பதிலையும் ஒப்பிட வேண்டும் என்பது அவள் கடையின் சட்டம். கூடுதலாக ஆகிற நேரத்துக்குக் காசு வாங்க மாட்டாள். அதற்கும் காசா என்று யாராவது கேட்டுவிட்டால்தான் கோபம் வரும். "நான் இன்னா உன்கிட்ட காசுக்கா அலையறேன்? சரியாத் தேடிக்கினு போன்னு சொல்றேன்."

இரண்டாயிரத்து எட்டின் தொடக்கத்தில், பெரியவனைச் சமாளிப்பதற்காகச் சின்னவன் நடுவுலானை விலைக்குக் கேட்கிறான் என்று பேப்பரில் செய்தி வந்தது. அமெரிக்காவில் எவனோ எவனையோ வாங்கினால் முதலியார்பேட்டைக்கு என்ன வந்தது? ஆதிலட்சுமிக்கு வந்தது. தன் வீட்டுச் சுவரை யாரோ இடிக்க வந்ததுபோல் அந்த வாரம் முழுக்கக் கொதித்தாள். "மூணு பேரும் அடிச்சிக்கினு கெடந்தாத்தான் நமக்கு ஒழுங்கா பதில் சொல்லுவானுங்க. ரெண்டு பேர் கூட்டு சேந்துட்டா அப்பறம் அவனுங்க வெச்சதுதான் சட்டம்." பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவர் ஏதோ படிவத்துக்காக வந்து மாட்டிக்கொண்டார். "வுய், வுய்" என்று தலையாட்டிக்கொண்டே இந்தப் பிரசங்கத்தை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் அவரால் வெளியே போக முடிந்தது.

அப்பா மில்லில் தறி ஓட்டினவர். மில் தள்ளாட ஆரம்பித்த காலத்தில் இவள் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து, கோர்ட்டு வாசலில் மனு அடித்துக் கொடுத்து வீட்டைத் தூக்கி நிறுத்தினாள். அந்தப் பழக்கம் விரலை விட்டுப் போகவில்லை. கீபோர்டையும் டைப்ரைட்டரைக் குத்துவதுபோலத்தான் குத்துவாள். கடையில் பாதிக் கீபோர்டுகளில் எழுத்து கிடையாது, பித்தான்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஆறு மானிட்டருக்கும் சந்தனம், குங்குமம் வைப்பாள். கரண்ட் போனால் அதே மானிட்டர்களை வாய்க்கு வந்தபடி திட்டுவாள். கல்யாணம் ஆகவில்லையா என்று கேட்டவர்களுக்கு, "அதுக்கு யாரு இருக்கா நேரம் வெச்சிக்கினு" என்று பதில் சொல்லி வாயை அடைத்துவிட்டாள்.

இப்படிப்பட்டவள் போயும் போயும் ஒரே ஒரு தேடல் கம்பெனியோடு ஒப்பந்தத்தில் எப்படிக் கையெழுத்துப் போட்டாள் என்று கேட்டால், அதற்கும் காரணம் இருக்கிறது. அடுத்த தெருவில் ஏசி போட்டு ஒரு பிரவுசிங் சென்டர் வந்துவிட்டது. இங்கே கரண்ட் போனால் ஆறு திரையும் செத்துப்போகும், பையன்கள் எழுந்து அங்கே போய்விடுவார்கள். அந்தச் சமயம் பார்த்து கோபிநாத் வந்து சேர்ந்தான். டை கட்டி, முழங்கை வரை சட்டையை மடித்து, வாய் நிறைய "மேடம்". மூன்று பெரிய தலைகளோடு மோதுவதற்குப் புதிதாகக் கிளம்பியிருந்த நாலாவது ஒரு தேடல் கம்பெனியின் ஆள். கடைக்குப் புதுப் பலகை, இன்வெர்ட்டர், பேட்டரி எல்லாம் கம்பெனி செலவு. பதிலுக்கு ஆறு கம்ப்யூட்டரிலும் அவர்கள் பக்கம் மட்டும்தான் திறக்க வேண்டும். வேறு யாரைக் கூப்பிட்டாலும் திரை அவர்களிடமே திருப்பிக் கொண்டுவந்து விடும்.

"எல்லாம் ஒரே சரக்குதான் மேடம். டப்பா மட்டும் வேற" என்றான்.

ஆதிலட்சுமி ஒரு ராத்திரி முழுக்க யோசித்தாள். யோசித்து, போட்டுவிட்டாள்.

பலகை வந்தது, இன்வெர்ட்டர் வந்தது. போன பையன்கள் திரும்பி வந்தார்கள். அவள் சத்தம் மட்டும் குறைந்துவிட்டது. மூன்றில் தேடு என்று சொல்ல வழியில்லை அல்லவா? நாற்காலியில் உட்கார்ந்து காதில் பட்ஸ் போட்டுக் குடைந்துகொண்டிருப்பாள்.

அப்போதுதான் அன்னக்கிளி தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அன்னக்கிளி தட்டாஞ்சாவடியில் ஒரு சோப்புக் கம்பெனியில் பாக்கிங் வேலை பார்க்கிறவள், அரியாங்குப்பத்தில் வீடு. புருஷன் இல்லை. மகள் பூவிழி நர்சிங் படித்து முடித்து, கிளினிக் ஒன்றில் அரைச் சம்பளத்துக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். வெளிநாட்டில் நர்ஸ் வேலை வாங்கித் தருகிற கம்பெனி ஏதாவது இருந்தால் பார்த்துச் சொல்லக்கா என்றாள் அன்னக்கிளி. ஆதிலட்சுமியே உட்கார்ந்து அடித்தாள். பக்கம் முழுக்க வரிகள் வந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, லேசான மஞ்சள் பூச்சில், சென்னை விலாசமும் போன் நம்பருமாக ஓர் ஏஜென்சி.

"இதுதான் மொதல்ல இருக்குது, இதையே பாத்துடுவோம்கா" என்றாள் அன்னக்கிளி.

இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. பள்ளிக்கூடத்து நோட்டீஸ் போர்டில் ரேங்க் ஒட்டுவதுபோலத்தான் இதுவும், நல்ல கம்பெனி எதுவோ அதைத்தான் மேலே போடுவார்கள் என்று நினைக்கிறார்கள். மேலே நிற்பவன் அந்த இடத்துக்கு வாடகை கொடுத்து நிற்கிறான் என்பது அவர்களுக்குத் தெரியாது. அந்த வரியின் ஓரத்தில் 'விளம்பரம்' என்று எறும்பு ஊர்வதுபோல் எழுதியிருந்ததை அன்னக்கிளி எப்படிக் கண்டாள்? ஆதிலட்சுமி கண்டாள். வேறு மூன்று இடத்தில் கேட்காமல் வாய் திறக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். கேட்க வழி இல்லை. இவ்வளவு செலவு செய்கிற கம்பெனி கண்டவனையுமா மேலே ஏற்றும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். பூவிழியின் பாஸ்போர்ட், மார்க் ஷீட், நர்சிங் சர்டிபிகேட், எல்லாம் ஒரிஜினலே வேண்டும் என்று ஏஜென்சிக்காரன் கேட்க, உறையில் போட்டு கூரியரில் அனுப்பியதும் இவள் கையால்தான்.

அதோடு சரி. போன் செய்தால் வெரிபிகேஷன் நடக்கிறது என்றார்கள். பிறகு எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். அன்னக்கிளி லீவு போட்டுச் சென்னைக்குப் போய்ப் பார்த்தால், அந்த விலாசத்தில் ஒரு தையல் கடை. போலீசில் எழுதிக் கொடுத்தாயிற்று. இதற்கு நடுவில் உள்ளூரிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் இருந்து பூவிழிக்கு இன்டர்வியூ கார்டு வந்துவிட்டது. வருகிற திங்கட்கிழமை. ஒரிஜினல் இல்லாமல் உள்ளே விட மாட்டார்களாம். டூப்ளிகேட் வாங்க மாதக்கணக்கில் அலைய வேண்டும்.

அன்னக்கிளி வந்து இதைச் சொன்னதும் ஆதிலட்சுமி செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் அடுத்த தெரு ஏசி கடைக்கு நடந்தாள். அவளைப் பார்த்ததும் அங்கிருந்தவன் எழுந்து நின்றுவிட்டான். காசை மேசையில் வைத்துவிட்டு, அந்த ஏஜென்சியின் பெயரைப் பெரியவனிடம் கேட்டாள், நடுவுலானிடம் கேட்டாள், சின்னவனிடம் கேட்டாள். மூன்று பேரிடமும் அந்தப் பெயருக்குக் கீழே, அவனிடம் சர்டிபிகேட்டைத் தொலைத்த பெண்கள் எழுதி வைத்த புலம்பல்தான் வரிசையாக வந்தது. திருவாரூர், நாகர்கோவில், காரைக்கால்.

"ரெண்டாவது வரியிலயே ஊரு காறித் துப்பி வெச்சிருக்குடி. பாக்காத பாவி ஆயிட்டேனே" என்று, கடைக்குத் திரும்பி வந்து அன்னக்கிளியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆதிலட்சுமி அழுது முதலியார்பேட்டை பார்த்தது அன்றைக்குத்தான்.

அழுகை கொஞ்ச நேரம்தான். பிறகு வந்தது கோபம். கம்பெனிக்கு மெயில் எழுதினாள். அடுத்த நிமிஷமே பதில் வந்தது, உங்கள் மேலான கருத்துக்கு நன்றி என்று. "என் பொண்ணு மாதிரி ஒருத்தி தெருவுல நிக்கிறா, இவன் கருத்துங்கறான், நன்றிங்கறான்!" மறுபடி எழுதினாள். மறுபடியும் அதே நன்றி. கோபிநாத்துக்குப் போன் போட்டாள். விளம்பரம் கொடுக்கிறவர்களுக்குக் கம்பெனி பொறுப்பில்லை, அது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது என்றான் அவன். "பொறுப்பில்லாதவன் இன்னாத்துக்குடா மேல தூக்கி வெச்சே?" என்று அவள் கேட்டபோது லைன் கட்டாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கோபிநாத்தே நேரில் வந்தான். மேடம் கோபமாக இருக்கிறார், பக்கத்தை எடுத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, தோளில் லேப்டாப் பை. அன்னக்கிளியும் பூவிழியும் அந்த நேரம் கடைக்குள்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் யார் என்று அவன் கேட்கவில்லை. லேப்டாப்பைத் திறந்து, இனிமேல் வரப்போகிற காலத்தைக் காட்ட ஆரம்பித்தான். அடுத்த வருஷம் தேடலெல்லாம் கைபேசியிலேயே வந்துவிடும் மேடம். வாயால் கேட்டால் போதும், அடிக்கவே வேண்டாம். அப்புறம் பாருங்கள், நீங்கள் கேட்பதற்கு முன்னாலேயே உங்களுக்கு என்ன வேண்டும் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். மூன்று பேரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுவோம்.

ஆதிலட்சுமி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். அவளுடைய பொறுமையைப் பார்த்து அன்னக்கிளி நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள்.

"கேக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடுமா?"

"கண்டிப்பா மேடம்."

"இந்தா, இவ பேரு பூவிழி. இவளுக்கு இன்னா வேணும், சொல்லு பாப்போம்."

கோபிநாத் அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தான். போனில் கேட்ட கதை அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"மேடம், அது வந்து, தேர்டு பார்ட்டி..."

"உக்காரு." முதல் கம்ப்யூட்டரின் முன்னால் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உன் பக்கம்தான் தொறந்திருக்குது. வெளிநாட்டு நர்ஸ் வேலைன்னு நீயே அடி."

அடித்தான். மஞ்சள் பூச்சில் முதல் வரி வந்தது. ஏஜென்சியின் பெயர் வேறு, ஊரும் வேறு. பூவிழி எட்டிப் பார்த்துவிட்டு, "அத்த, நம்பர் அதேதான்" என்றாள். எத்தனை தடவை அடித்துப் பார்த்த நம்பர் அது!

ஆதிலட்சுமிக்கு முகம் சிவந்து போனது. கத்தவில்லை. "பேரை மாத்திக்கினு வந்தவனையும் மொத வரியில உக்கார வெச்சிருக்கீங்க. அப்போ அவன் உங்க ஆளுதான். நான் கூப்பிட்டா எடுக்க மாட்டான், இவ கூப்பிட்டா எடுக்க மாட்டான். நீ கூப்பிடு. கம்பெனியிலேர்ந்து பேசறேன்னு சொல்லு. நாளைக்கு சர்டிபிகேட்டும் பாஸ்போர்ட்டும் கைக்கு வரலேன்னா உன் வரியை எடுத்துடுவேன்னு சொல்லு. அவன் பொழப்பே அந்த வரியிலதான் இருக்குது, பதறிக்கினு வருவான்."

"அதுக்கெல்லாம் எனக்கு அத்தாரிட்டி இல்லீங்க மேடம். ஹெட் ஆபீஸ்ல பேசிட்டு, திங்கள், செவ்வாய் போல..." என்று சொல்லிக்கொண்டே லேப்டாப்பை மூடிப் பையில் திணித்தான். எழுந்தும் விட்டான்.

திங்கட்கிழமை என்று கேட்டதும் அன்னக்கிளி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆதிலட்சுமி அவன் வழியில் வந்து நின்றாள். சின்னப் பிள்ளைக்குச் சட்டை கழற்றுகிறவள்போல இரண்டு கையாலும் அவன் கழுத்து நாடாவைப் பிடித்து, தலை வழியாக மேலே தூக்கி, அந்த அடையாள அட்டையை எடுத்துக்கொண்டாள். போட்டோவில் சிரித்துக்கொண்டிருந்த கோபிநாத்தை ஒரு பார்வை பார்த்தாள். டிராயரில் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, மேசை மேலிருந்த போனை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.