பத்தாம் அங்குலம்

ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழி எனக்குப் பிடிக்காது. அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. மொழியில் குறையில்லை, அதில் எழுதியவனைத்தான் உனக்குப் பிடிக்காது என்பார்கள். சொல்லட்டும். பாதி உண்மைதான்.

அறுபதுகளின் கடைசியில் வவுனியாவில் ஒரு நீர்ப்பாசனக் கந்தோரில் வேலையில் இருந்தேன். குளங்களின் தண்ணீர்க் கணக்குத்தான் எங்கள் வேலை. கொழும்பில் ஒரு கணினி வந்திருந்தது. அதைப் பழக என்னையும் பக்கத்து மேசைக்காரனையும் அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் இஞ்சினியர் ஒரு போட்டி வைத்தார். மாங்குளப் பக்கத்துக் குளம் ஒன்றில் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று அட்டவணை போட வேண்டும். இருவரும் தனித்தனியே புரோகிராம் எழுத வேண்டும். எவனுடையது நல்லதோ, அவனுக்கு அந்தக் கணினி அறையில் வேலை.

அந்த வேலை எனக்கு வேண்டும். சோற்றைவிட வேண்டும்.

நான் அசெம்பிளி மொழியில் எழுதினேன். கணினியின் ஒவ்வொரு சின்ன அசைவையும் நானே சொல்ல வேண்டும். எந்த எண் எங்கே கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். அவன் ஃபோர்ட்ரானில் எழுதினான். பள்ளிக்கூடத்துச் சமன்பாடு போல ஒரு வரி போடுவான். அதைக் கணினிக்குப் புரியவைப்பது கொம்பைலர் என்ற இன்னொரு புரோகிராமின் பாடு. நான் தாள் தாளாகக் கிழிக்க, அவன் கதிரையில் சாய்ந்து பிளேன்ரீ குடிப்பான்.

“என்ன மச்சான், இன்னும் முடியேல்லையோ?”

“நீ கொம்பைலருக்குக் கும்பிடு போடு. நான் மெசினோட நேர கதைக்கிறன்.”

“கதை, கதை. சிறுபோகம் முடியமுன்னம் அது மறுமொழி சொல்லுமோ?”

கந்தோரே சிரித்தது. அவன் வாய் திறந்தால் சிரிக்க எப்போதும் ஆள் இருந்தது. அதுவும் எனக்கு எரியும்.

தாள்கள் ரயிலில் கொழும்புக்குப் போயின. அங்கே துளையட்டைகளில் ஏற்றி, ஓட்டி, அச்சடித்து அனுப்பினார்கள். இஞ்சினியரின் மேசையில் இரண்டு அட்டவணையும் கிடந்தன. நான் என்னுடையதைத் தொடவில்லை. அவனுடையதில் பிழை தேடினேன். கிடைத்தது.

துருசடியில், அதாவது மதகடியில், நிற்கும் அளவுகோலைப் பார்த்து எழுதும்போது, பதினோரு அடி ஒன்பது அங்குலத்தை எங்கள் ஆட்கள் 11.9 என்று போடுவார்கள். பத்து அங்குலம் என்றால் 11.10. அவன் அதை அப்படியே கொடுத்துவிட்டான். ஃபோர்ட்ரானுக்கு அடி தெரியுமா, அங்குலம் தெரியுமா? 11.10ஐ 11.1 என்று, 11.9ஐவிடக் குறைவாக, எடுத்துக்கொண்டது. அசெம்பிளியில் தசமம் பெரிய தலையிடி என்பதால் நான் எல்லாவற்றையும் முழு அங்குலமாக்கியே கணக்குப் போட்டிருந்தேன்.

“சேர், இஞ்ச பாருங்கோ! ஒரு அங்குலம் தண்ணி ஏறினவுடன இவன்ர குளம் வத்துது!”

அவன் முகம் கறுத்தது. அதைப் பார்க்க எனக்கு வயிறு குளிர்ந்தது.

இஞ்சினியர் அவனைப் பார்த்தார். “திருத்த எவ்வளவு நேரம் செல்லும்?”

“அங்குலத்தைப் பிரிச்சுப் பன்னிரண்டால வகுத்தால் சரி, சேர். ரெண்டு மூண்டு வரி. பின்னேர ரயிலுக்கே குடுத்துவிடலாம்.”

பிறகு என் பக்கம் திரும்பினார். “உம்மட சரியாத்தான் இருக்கு. இதை வேற குளத்துக்கும் ஓட்டலாமோ?”

கணினியில் இடம் மிச்சம் பிடிக்க, அந்தக் குளத்தின் எண்களைக் கட்டளைகளுக்குள்ளேயே புதைத்து வைத்திருந்தேன். வேறு குளம் என்றால் பாதிக்கு மேல் புதிதாக எழுத வேண்டும்.

“திருப்பி எழுதலாம், சேர்.”

“ஒவ்வொரு குளத்துக்குமோ?”

நான் என் அட்டவணையை எடுத்து மடித்தேன்.

“வன்னியில ஒரு குளம்தான் எண்டால் உம்மைத்தான் அனுப்புவன்” என்றார்.

அவன் போனான். அதன் பிறகு கொழும்பிலிருந்து அவனுடைய அட்டவணைகள் குளம் குளமாக வந்தன. பிரித்துச் சரிபார்ப்பது என் வேலை. ஒவ்வொன்றிலும் முதலில் பத்தாம் அங்குலத்தைத்தான் பார்ப்பேன். பிறகு பதினோராவதை. பிழை இருக்காது. ஒன்றில்கூட இருக்காது. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு அடுத்ததைப் பிரிப்பேன்.