பூட்டுவதற்கு முன் அண்ணி செய்தது

என் அண்ணிக்கு நான் வைத்த பெயர் வாட்ச்மேன். ஒரு பெரிய மருத்துவமனையின் சர்வர் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. ஒரு கோப்பில் "யாருக்கும் அனுமதி இல்லை" என்று எழுதி வைப்பார். இன்னொன்றில், உள்ளே விடத்தக்க கம்ப்யூட்டர்களின் எண்கள் மட்டும் இருக்கும். சொந்த மாமியாரே வந்தாலும் எண் இல்லையென்றால் வெளியேதான்.

ஒரு ஞாயிறு மத்தியானம், கூட்டம் குறைவு என்று வீட்டிலிருந்தே புது விதிகளைப் போட்டார். ஆனைக்கும் அடி சறுக்கும். மருத்துவமனை லேபின் எண்ணில் ஓர் இலக்கம் மாறிவிட்டது. அதே நேரம் பார்த்து வீட்டு நெட் போய் வந்தது. வந்தபோது எங்கள் வீட்டுக்கு வேறு எண் கிடைத்திருக்க, சர்வர் அண்ணியையே உள்ளே விடவில்லை.

லேப்காரர் போன் செய்தார். "மேடம், ஆபரேஷன் தியேட்டர்ல ஒரு அம்மாவுக்கு ரத்தம் ஏத்தணும். எந்த ரத்தம் அவங்களுக்கு ஒத்துக்காதுன்னு பழைய ரிப்போர்ட்லதான் இருக்கு. அது திறக்க மாட்டேங்குது."

அண்ணன் கார் சாவியைத் தேடி வீடெல்லாம் ஓடினார்.

"என்னங்க, உக்காருங்க. நாம சர்வர் ரூமுக்குப் போறதுக்குள்ள அதுவே திறந்துடும்" என்றார் அண்ணி. போனில், "வைக்காதீங்க, லைன்லயே இருங்க. திரும்பத் திரும்பத் திறந்து பாருங்க" என்றார்.

விதியைத் தொடுவதற்கு முன்பே சர்வரிடம் ஒரு வேலை சொல்லி வைத்திருந்தாராம்: கால் மணிக்குள் நான் வந்து வேண்டாமென்று சொல்லாவிட்டால், பழைய விதிகளை நீயே திரும்பப் போட்டுவிடு. எந்தத் தப்பு என்று தெரியாமலேயே, அதற்கு மருந்தை முதலில் செய்து வைத்த மனுஷி. இத்தனை நாள் நான் கிண்டலடித்தவரை அன்று வாய் பிளந்து பார்த்தேன். மடியில் கை கோத்து, திரையைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார்.

"வந்துடுச்சு மேடம். டாக்டர் பாத்துக்கிட்டிருக்காரு."

போனை வைத்ததும் அண்ணி முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். "அதான் திறந்துடும்னு உனக்குத் தெரியுமே, அப்புறம் என்ன?"

"திறக்கணும்னு எழுதி வச்சேன். விதியைத் தப்பா எழுதின நான்தானே அதையும் எழுதினேன்" என்றார் அண்ணி.