பக்கத்து வீட்டுக் குண்டணி

குண்டணி என்று சொன்னால் என் பிள்ளைகள் முழிக்கிறார்கள். இந்த வீட்டில் கேட்டதைக் கொஞ்சம் உப்பு புளி சேர்த்து அந்த வீட்டில் கொண்டுபோய் வைப்பவருக்கு என் அம்மா வைத்திருந்த சொல் அது. பொய் சொல்பவர் வேறு, குண்டணி வேறு. குண்டணி சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை இருக்கும். எரிச்சலே அதனால்தான்.

எண்பதுகளில் நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். பக்கத்து வீட்டுப் பெண்மணியை நேரில் அக்கா என்போம். எங்கள் வீட்டுக்குள் அவர் குண்டணி. துணி காயப்போட வந்தால் வேலியோரமே அரை நாள் நிற்பார். ஆபீஸ்காரர் ஒருவரின் காரில் நான் வந்து இறங்கியதை அவர் எங்கள் வீட்டு வரிசை முழுக்கச் சொல்லிவிட, நானும் வாசலில் நின்று நன்றாகக் கத்தித் தீர்த்திருந்தேன்.

அந்தச் சமயம் பார்த்து கிள்ளானிலிருந்து எனக்கு வரன் வந்தது. மாப்பிள்ளையை ஓர் உறவுக்காரர் கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன். ஒளிப்பானேன், எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அந்தக் காலத்தில் சரி என்று சொல்வதற்கு முன், மாப்பிள்ளை வீட்டார் சொல்லாமல் வந்து அக்கம்பக்கத்தில் பெண்ணைப் பற்றி விசாரிப்பார்கள். ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா பஸ்ஸில் வந்து இறங்கி, வரிசையில் நாலைந்து வீடு ஏறிவிட்டுக் கடைசியில் பக்கத்து வீட்டுக்குள் போனார். போனவர் வெளியே வரவே இல்லை.

"போச்சு! போயும் போயும் அந்தக் குண்டணிகிட்டயா கேக்கணும்?" என்று அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. அந்த வாரம் முழுக்க ஆபீஸில் டைப்ரைட்டரைப் போட்டுத் தட்டினேன்.

மறுவாரம் வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தார்கள். அம்மாவுக்கு நம்பிக்கையே வரவில்லை. "எல்லாம் விசாரிச்சீங்களா?" என்று மெல்லக் கேட்டார்.

"விசாரிச்சேன்லா. எல்லாரும் தங்கமான பொண்ணுன்னாங்க. கேட்டா அப்படித்தானே சொல்வாங்க? பக்கத்து வீட்டம்மாதான், வாய் ஜாஸ்தி, முன்கோபம், ரசம் வைக்க வராதுன்னாங்க. அப்புறம் இந்த வரிசையில ஒரு வீடு விடாம எல்லார் கதையும் சொன்னாங்க. அதையெல்லாம் கேட்ட பிறகு, அவங்க வாயிலேயே உங்க பொண்ணப் பத்தி இவ்வளவுதான் வருதுன்னா, போதும்னு முடிவு பண்ணிட்டேன்" என்றார் என் வருங்கால மாமியார்.

ரசம் எனக்கு நன்றாகவே வரும். அதைச் சொல்ல வாயெடுத்தேன், அம்மா என் தொடையில் கிள்ளிவிட்டார். கிள்ளு வலித்தது, ஆனாலும் அந்தக் கார் கதையை அக்கா சொல்லாமல் விட்டதில் மனசு நிறைந்திருந்தது.

அவர்கள் கிளம்பியதும் அம்மா பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். நன்றி சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தேன். விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்பினார்.

"ஏம்மா இவ்வளவு நேரம்?"

"கிள்ளான்காரங்க கதையும் நமக்குத் தெரிய வேணாமா? அன்னிக்கி வந்த அம்மாகிட்டேயே எல்லாத்தையும் கேட்டு வச்சிருக்கா. உக்காரு, சொல்றேன்" என்றார் அம்மா.