அலுமாரித் திறப்பு

தொண்ணூறுகளில், நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருந்த ஸ்காபரோவில், எங்கள் வீட்டுக்குப் புதுக்கூரை போட்ட நாளை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

கணவர் வேலைக்குப் போய்விட்டார். நான் தனியே. தலைக்கு மேலே மூன்று போர்த்துக்கீசர் பழைய கூரையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். மழை தூறத் தொடங்கியதும் அவர்களில் மூத்தவர் ஏணியில் நின்று எங்கள் படுக்கையறைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு மேலே ஏதோ கத்தினார். புரியாத அந்தப் பேச்சில் 'யன்னல்' போலவும் 'அலுமாரி' போலவும் இரண்டு சொற்கள் கேட்டன. என் நகைகள் அலுமாரிக்குள்தான் இருந்தன.

உடனே கணவருக்குப் போன் எடுத்தேன். "இஞ்சேருங்கோ, உவங்கள் எங்கட அலுமாரியைப் பற்றித்தான் கதைக்கிறாங்கள். யன்னலாலை வரப் போறாங்கள். கெதியா வாங்கோ!"

அலுமாரியைப் பூட்டி, திறப்பை உருவிக் கைக்குள் பொத்திக்கொண்டேன். கதவு தட்டும் சத்தம் கேட்டது. நனைந்தபடி அதே மனிதர். மேலே கையைக் காட்டி அதே இரண்டு சொற்களையும் சொன்னார். அறைக்கு ஓடினேன். அலுமாரியின் மேல் மழைநீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு வந்து அலுமாரியை மறுபக்கம் தள்ளி வைத்தார். யன்னலையும் சாத்திவிட்டுப் போனார்.

பதறிக்கொண்டு வந்த கணவர் கதையைக் கேட்டுச் சிரித்தார். "யன்னலும் அலுமாரியும் போர்த்துக்கீசச் சொல்லப்பா. அவை எங்கட ஊரை ஆண்ட காலத்திலை நாங்கள்தான் அவையிட்டை இருந்து எடுத்தனாங்கள்."

என் உள்ளங்கையில் திறப்பின் பல் பதிந்த தடம் இன்னும் சிவந்திருந்தது.